வட்டுக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

வட்டுக்கோட்டை என்னும் பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று அரிவரி வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, ஏழு என்று விடை சொல்லும். வ, ட், டு, க், கோ, ட், டை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இதே கேள்வியைக் கணினியிடம் கேட்போமாயின், எந்த மொழியிற் செய்நிரல் எழுதிக் கேட்கின்றோம் என்பதைப் பொறுத்து, அது 13 என்று சொல்லும். அல்லது 39 என்று சொல்லும். ஏழு என்று அது சொல்வது அருமை. பிள்ளை சொன்னதும் சரி. இயந்திரம் சொன்ன இரண்டும் சரி. மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு பொருள்களை எண்ணியதால் வந்தவை. அம் மூன்றும் எவை என்பதை அறியாது செய்நிரல் பழகப் புகும் மாணவர், தம் சொந்தப் பெயரையே இயந்திரத்திற் பத்திரமாக வைக்க இயலாதவர் ஆகின்றனர்.

எம் பாடசாலைகளில் இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். மாறி, தெரிவு, மீள்செயல் என்பவற்றைக் கடந்து அணி என்னும் பாடத்துக்கு வந்தவுடன், பெயர்கள் சிலவற்றை ஓர் அணியிலே சேமித்துவைத்து, அவற்றைத் திரும்ப எடுத்து அச்சிடுமாறு பயிற்சி தரப்படும். எடுத்துக்காட்டுக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே அமைந்திருக்கும். ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று தன் ஊர்ப் பெயரைத் தமிழில் இட்டுப் பார்க்கின்றது. திரையில் கேள்விக்குறிகளும் புள்ளி வட்டங்களும் தோன்றுகின்றன. "சேர், இது தமிழை ஏற்காதாம்" என்று சொல்லிவிட்டு, அது மறுபடி ஆங்கிலத்துக்கே போய்விடுகின்றது. வகுப்பறையில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. இயந்திரத்தின்மேல் இப் பழி பொருந்தாது. பெயரை வைப்பதற்கு ஒதுக்கிய இடத்தின் கணக்கிலேதான் பிழை இருக்கின்றது.

லாச்சிகள் நிறைந்த அலுமாரி

அணி என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய அலுமாரியை எண்ணிக்கொள்வோம். ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் லாச்சி என்பதும் ஒன்று. ஒரே அளவினவாகிய லாச்சிகள் நிரையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் இலக்கம் உண்டு. பெரும்பாலான கணினி மொழிகளில் முதல் லாச்சியின் இலக்கம் 1 அன்று, 0. இது புதியவர்களைத் திகைக்க வைக்கும். தொடக்கத்திலிருந்து எத்தனை லாச்சி தள்ளி இருக்கின்றது என்பதையே அவ்விலக்கம் குறிக்கின்றது என்று கொண்டால் திகைப்பு நீங்கும். முதல் லாச்சி ஒன்றும் தள்ளி இல்லை, ஆதலால் பூச்சியம்.

லாச்சிகள் எல்லாம் ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். ஏழாவது லாச்சி எங்கே என்று கேட்டால், இயந்திரம் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணிக்கொண்டு போவதில்லை. ஒரு லாச்சியின் அகலத்தை ஆறாற் பெருக்கி, தொடக்க இடத்தோடு கூட்டி, நேரே அங்கே செல்கின்றது. பத்து லாச்சிகள் இருந்தாலும் பத்து இலட்சம் இருந்தாலும் அதற்கு ஒரே நேரந்தான். அகலம் மாறினால் இப் பெருக்கற் கணக்குப் பலிக்காது. பிள்ளைகளின் புள்ளிகளைச் சேமிக்க இவ்வேற்பாடு மிகவும் நன்று. 35 ஆனாலும் 98 ஆனாலும் ஒரே அளவான லாச்சியில் அடங்கிவிடும். பெயர்கள் அப்படிப்பட்டவை அல்ல. அராலியும் ஒரு பெயர். வட்டுக்கோட்டையும் ஒரு பெயர்.

எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தொடரைச் சரம் என்பர். பூச்சரத்தை நினைத்துக்கொண்டால் இக் கலைச்சொல் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும். சரமும் உள்ளே பார்த்தால் ஓர் அணியே. சிறு லாச்சிகள் பல வரிசையாக இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு பைற்று என்னும் அளவான செய்தி தங்குகின்றது. சரம் எங்கே முடிகின்றது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 1972 அளவில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவர் உருவாக்கிய சி மொழியில், கடைசி எழுத்துக்குப் பின் ஒரு பூச்சியம் வைக்கப்படும்; அதுவே முடிவுக்குறி. பஸ்கால் மொழியின் பழைய வழக்கிலே, சரத்தின் நீளத்தை முதல் லாச்சியில் எழுதிவைப்பர். ஒரு பைற்றில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆகவே சரத்தின் நீளமும் அதற்கு மேற் போகாது.

மூன்று எண்ணிக்கைகள்

இனி, 39 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கணினி எண்களை மட்டுமே அறியும். எழுத்துக்கு எண் இட்டாலன்றி அதனிடம் எழுத்தைக் கொடுக்க முடியாது. அமெரிக்கர் 1960களில் தம் எழுத்துக்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வகுத்தனர். அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள் யாவும் அதனுள் அடங்கின. ஓர் எழுத்து ஒரு பைற்றில் இருந்தது. உலகம் முழுவதற்கும் பாடநூல் எழுதினோர் அதனையே மனத்திற் கொண்டு, ஓர் எழுத்துக்கு ஒரு லாச்சி என்று எழுதிவைத்தனர்.

பல மொழி எழுத்துக்களையும் ஒரே பட்டியலில் அடக்கிய ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. இந்தியாவில் 1988இல் வகுக்கப்பட்டிருந்த தர ஏற்பாட்டைப் பின்பற்றி, தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 72 மட்டுமே நிரம்பியுள்ளன. இந்திய எழுத்துக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்ற எண்ணத்தால், தமிழில் இல்லாத வல்லோசைகளுக்கு உரிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஆனால், தமிழிலுள்ள 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் இல்லை! உயிர் பன்னிரண்டு, ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், சில வடவெழுத்துக்கள், கொம்பு, கால், விசிறி முதலிய குறிகள், புள்ளி, பழைய தமிழ் எண்கள், இன்னும் சில. இவ்வளவே அங்குள்ளவை. கோ என்னும் எழுத்தை வைக்க 2965 ஆகிய ககரமும், 3019 ஆகிய ஓகாரக் குறியும் என இரண்டு எண்கள் வேண்டும். ட் என்பதற்கு டகரமும் புள்ளியும் வேண்டும். இப்படி எண்ணினால் வட்டுக்கோட்டையில் வ ஒன்றுக்கு மட்டும் ஓர் எண். ஏனைய ஆறு எழுத்துக்களுக்கும் இரண்டிரண்டு. ஆக 13.

புள்ளியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. தொல்காப்பியருக்கு மெய்யே முதற்பொருள். அகரம் அதன்மேல் ஏறி வருவது. க் என்பதே இயற்கை. க என்பது கூட்டு. ஒருங்குறியோ இதனைத் தலைகீழாக வைத்துள்ளது. அதற்கு க என்பதே இயற்கை. புள்ளியிட்டு அகரத்தைக் கழித்தால் க் வரும். ஏட்டில் எழுதினோர், ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை இடாமலே விடுவது வழக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, எங்கே புள்ளி உண்டு, எங்கே இல்லை என்று தாமே ஆராய்ந்து துணிய வேண்டியிருந்தது. ஓலையில் இடமில்லாதிருந்த அந்தப் புள்ளி, கணினியில் ஒரு முழு எழுத்துக்கு உரிய இடத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றது.

இனிப் பைற்றுக் கணக்கு. ஒரு பைற்றில் 0 முதல் 255 வரையிலான எண்ணே அடங்கும், 2965 அடங்காது. பெரிய எண்ணைப் பல பைற்றுக்களாகப் பிரித்து வைக்கும் முறை ஒன்றைக் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் 1992ஆம் ஆண்டு செப்டெம்பரில் வகுத்தனர். நியூஜேர்சி மாநிலத்தில் ஓர் உணவுச்சாலையில், மேசைமேல் விரிக்கும் தாளிலே அதன் முதல் வரைவு எழுதப்பட்டது என்பர். இன்று இணையத்தில் உலவும் எழுத்தெல்லாம் பெரும்பாலும் அம் முறைப்படியே அமைகின்றது. அதன்படி ஆங்கில எழுத்துக்குப் பழையபடி ஒரு பைற்று. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. பதின்மூன்றை மூன்றாற் பெருக்க 39. சி மொழியில் முடிவுப் பூச்சியத்தையும் சேர்த்து 40. பஸ்காலின் 255 என்ற எல்லையில் தமிழ்க் குறிகள் 85 மட்டுமே அடங்கும் என்பதும் இதனால் விளங்கும்.

1823ஆம் ஆண்டில் இங்கே செமினரியைத் தாபித்து 1855 வரை நடத்திய அமெரிக்க மிஷனரிமார், ஊரின் பெயரைப் பட்டிக்கோட்டா என்று எழுதினர். ஆங்கிலத்தில் அதற்குப் பத்தெழுத்து. பத்தெழுத்துக்குப் பத்துப் பைற்று. பெயரைச் சிதைத்தாலும் இடத்தைச் சிக்கனப்படுத்தினர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அறுபடும் பெயர்கள்

ஐந்து ஊர்களின் பெயரை ஓர் அணியில் வைக்க வேண்டும் என்று கொள்வோம். அராலி, மூளாய், சங்கானை, சித்தங்கேணி, வட்டுக்கோட்டை. பைற்றுக் கணக்கில் இவை முறையே 15, 18, 21, 33, 39. முடிவுப் பூச்சியம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மிக நீண்ட பெயருக்கு இடம் வேண்டுமாதலால் லாச்சி ஒவ்வொன்றும் 40 பைற்று அகலம் உடையதாக இருத்தல் வேண்டும், ஐந்துக்கும் 200. அராலியின் லாச்சியில் 24 இடம் வெறுமை. எல்லாப் பெயர்களுக்கும் உண்மையில் வேண்டியது 131 மட்டுமே.

இவ் வீணைத் தவிர்க்க வேறொரு வழி உண்டு. பெயர்களை நினைவகத்தில் வேறிடத்தில், அதனதன் நீளத்துக்கு ஏற்ப வைத்துவிட்டு, லாச்சிகளில் அவை இருக்கும் முகவரியை மட்டும் எழுதிவைப்பது. முகவரிகள் எல்லாம் ஒரே நீளம். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் எட்டுப் பைற்று. ஐந்து முகவரிக்கு 40, பெயர்களுக்கு 131, ஆக 171. பெயர்கள் பெருகப் பெருக இலாபமும் பெருகும். இலாபத்தினும் பெரிய நன்மை, எவ்வளவு நீண்ட பெயரும் அறுபடாமல் இருக்கலாம் என்பது. பைதன் போன்ற புதிய மொழிகள், மாணவர் கேளாமலே இவ்வேற்பாட்டைத் தாமே செய்துகொள்கின்றன. ஆயினும் தரவுத்தளங்களிலும் படிவங்களிலும் நிலையான அகலமுள்ள லாச்சிகள் இன்னும் உள்ளன. அங்கேதான் துன்பம் பிறக்கின்றது.

சிவகாமசுந்தரி என்று பெயரிடப்பட்ட ஒரு பெண்பிள்ளையை எண்ணிக்கொள்வோம். எட்டெழுத்துப் பெயர். 13 குறிகள், 39 பைற்று. செய்நிரல் எழுதியவர், முப்பது இடம் போதும், எவ்வளவு நீண்ட பெயரும் அடங்கும் என்று கருதி முப்பதை ஒதுக்கினார். முடிவுப் பூச்சியம் ஒன்று போக 29. ஒன்பது குறிகள் முழுமையாக அடங்கும். பத்தாவது குறியாகிய புள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் உள்ளே நுழையும். எனவே அச்சில் வருவது "சிவகாமசுந" என்பதும், அதன் பின்னே உடைந்த ஒரு பெட்டிக் குறியும்! ஆசையோடு பாட்டி வைத்த பெயர், பிள்ளையின் சான்றிதழில் இப்படி வந்து நின்றால் பெற்றோர் மனம் என்ன பாடுபடும்? கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அதைத் திருத்துவதற்கு எத்தனை நாள்? இந்தத் தொல்லை எதற்கு என்று, பலர் பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிக் கொடுக்கின்றனர். ஆங்கிலத்தில் அப் பெயரை எழுதும் வகையோ பல. ஒரு சான்றிதழில் ஒரு விதம், மற்றொன்றில் மற்றொரு விதம். அத் துன்பத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சி மொழியில் இன்னொரு விநோதமும் நிகழும். லாச்சியின் அகலத்தை 40 என்று வையாமல் 39 என்று வைத்தால், வட்டுக்கோட்டை சரியாக அடங்கிவிடும். முடிவுப் பூச்சியத்துக்குத்தான் இடம் இராது. அடுத்த லாச்சியில் அராலி இருக்குமாயின், முதற் பெயரை அச்சிடச் சொன்னவுடன் இயந்திரம் நிறுத்தும் இடம் தெரியாது ஓடி, "வட்டுக்கோட்டைஅராலி" என்று அச்சிட்டு நிற்கும். பக்கத்துக் கிராமங்கள்தாமே, சேர்ந்திருக்கட்டும் என்று நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் லாச்சியை மீறி எழுதுவதும் படிப்பதும் எப்போதும் நகைப்புக்கு உரியன அல்ல. 1988 நவம்பர் 2ஆம் நாள் றொபேட் மொறிஸ் என்னும் அமெரிக்க மாணவர் வெளியே விட்ட செய்நிரல் ஒன்று, 512 பைற்று இடத்தில் அதனினும் நீண்ட சரத்தைத் திணிக்கும் உபாயத்தையும் கைக்கொண்டு, அன்றைய இணையத்திற் பல ஆயிரம் கணினிகளை முடக்கியது. வரும் சரத்தின் நீளத்தைப் பாராமல் வாங்கிக்கொள்ளும் கட்டளை ஒன்று சி மொழியில் இருந்ததே அதற்கு வழிசெய்தது. 2011ஆம் ஆண்டுத் தரத்திலே அக் கட்டளை மொழியிலிருந்து நீக்கப்பட்டது.

விகடகவிக்கு வந்த சோதனை

மாணவர்க்குப் பிரியமான பயிற்சி ஒன்று உண்டு. சரம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பு. திருப்பினாலும் அதுவே வருகின்றதா என்று பார். திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடியுள்ளார். ஆகவே தமிழர்க்கு இது புதிய விளையாட்டு அன்று. விகடகவி என்பதை இருபுறமிருந்தும் படித்தால் விகடகவியே. ஆனால் பைதன் மொழியிற் சாதாரண வழியில் இதனைத் திருப்பிப் பார்த்தால், விகடகவி மாலைமாற்று அன்று என்று இயந்திரம் தீர்ப்பளிக்கும்!

காரணம் இது. அச் சொல்லை இயந்திரம் ஏழு குறிகளாக வைத்துள்ளது: வகரம், இகரக் குறி, ககரம், டகரம், ககரம், வகரம், இகரக் குறி. திருப்பினால் இகரக் குறி முதலில் வரும். பற்றிக்கொள்ள எழுத்து இன்மையால் அது புள்ளி வட்டத்தின்மேல் தொங்கும். நடுவிலுள்ள மற்ற இகரக் குறியோ, தன் வகரத்தை விட்டு, முன்னே வந்த ககரத்தைப் பற்றிக்கொண்டு கி ஆகிவிடும்.

தீர்வு எளிது, தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்தவருக்குத்தான் அது எளிது. ஆங்கிலத்தில் எழுத்து என்பது ஒரு குறி. தமிழிலோ, கணினியின் கணக்குப்படி, ஓரெழுத்தே ஒரு சிறு சரம். ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லைச் சரம் என்று மட்டும் கொள்ளாது, சரங்களின் அணி என்று கொள்ளல் வேண்டும். வட்டுக்கோட்டைக்கு ஏழு லாச்சிகள். இலக்கம் 0 முதல் 6 வரை. ஐந்தாவது எழுத்து எது என்றால் 4ஆம் இலக்க லாச்சியைத் திறந்து கோ என்று எடுக்கலாம். எத்தனை எழுத்து என்றால் லாச்சிகளை எண்ணி ஏழு என்னலாம். திருப்ப வேண்டுமாயின் லாச்சிகளின் வரிசையை மட்டும் திருப்புவோம். லாச்சிக்குள் இருப்பதைத் தொடமாட்டோம். விகடகவி அப்போது விகடகவியாகவே திரும்பி வரும்.

சொல்லை இப்படிப் பிரிக்கும் விதியையும் சொல்லிவிடுகின்றோம். குறிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார். குறியின் எண் 3006 முதல் 3021 வரை இருந்தால் அது காலோ கொம்போ விசிறியோ புள்ளியோ ஆகும். அதை முன்னைய லாச்சியில் உள்ளதன் பின்னே ஒட்டு. இல்லையேல் புதிய லாச்சி ஒன்றைத் திற. இவ்வளவுதான். சாதாரண தர மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். க்ஷ, ஸ்ரீ என்னும் இரண்டையும் ஓரெழுத்தாகக் கொள்ள விரும்பினால் அவற்றுக்குத் தனி விதி சேர்த்தல் வேண்டும். முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தோரும் உருவாக்கிய ஓப்பன் தமிழ் என்னும் செய்நிரற் தொகுதியில் இப் பிரிப்பு ஆயத்தமாகவே உண்டு. அப்பிள் நிறுவனத்தார் 2014இல் வெளியிட்ட சுவிஃப்ட் மொழி, கேளாமலே இப்படி எண்ணி வட்டுக்கோட்டைக்கு ஏழு என்று சொல்கின்றது. ஆயத்தமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துவதற்கு முன், மாணவர் ஒரு முறையேனும் தம் கையால் எழுதிப் பார்ப்பது நன்று என்பது எமது எண்ணம்.

சுன்னாகம் முந்துமா, சுழிபுரம் முந்துமா?

அகராதி என்பதும் சரங்களின் அணியே அன்றி வேறென்ன? அகரம் ஆதியாக அடுக்கப்பட்டதனால் அப் பெயர். இவ் விஷயத்தில் யாழ்ப்பாணம் முன்னோடி என்பதை மாணவர் அறிதல் வேண்டும். 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதியில் ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அடங்கின. யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கிய தமிழ் ஆங்கில அகராதி வேலையை வின்சுலோ முடித்து 1862இல் சென்னையில் வெளியிட்டபோது, சொற்கள் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டன. மின்சாரமும் இல்லாத காலம். இத்தனை சொற்களையும் மனிதர் கையினாலேயே நிரைப்படுத்தினர்.

அவர்கள் செய்ததைக் கணினி ஒரு நொடியிற் செய்துவிடும். ஆனால் தன் மனம்போலச் செய்யும். குறிகளின் எண்ணைப் பார்த்து, சிறிய எண் முன்னே, பெரிய எண் பின்னே என்று அடுக்குவதே அதன் இயல்பு. ஒருங்குறியிலோ னகரம் 2985. அது நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னே அமர்ந்திருக்கின்றது. ழகரம் 2996. ஆகவே இயந்திரம் சுன்னாகத்தை முன்னும் சுழிபுரத்தைப் பின்னும் வைக்கும். எம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை, னகரம் கடைசி. அகராதியிற் சுழிபுரம் முன், சுன்னாகம் பின். அவ்வாறே வட்டுக்கோட்டையும் வடலியடைப்பும். அகராதி முறையில் ட் என்னும் மெய், ட என்பதற்கு முன்னே வரும், வட்டுக்கோட்டை முந்தும். இயந்திரத்துக்கோ புள்ளி 3021 என்னும் பெரிய எண், லகரம் 2994. அது வடலியடைப்பையே முந்த விடும்.

பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் உரிய இடத்தில் இல்லையேல், தேடுவோர் கண்ணுக்கு அது இல்லாத பெயரே. நீண்ட பட்டியலில் இலிகிதர் ஒருவர் விரலை ஓட்டிப் பார்த்து, "உங்கடை பெயர் இதிலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பெயர் நாலு பக்கம் தள்ளி எங்கோ இருக்கும்.

சொற்களை எழுத்து லாச்சிகளாகப் பிரிக்கக் கற்ற மாணவருக்கு இதற்கும் வழி தெரியும். 247 எழுத்துக்களையும் நெடுங்கணக்கு முறையில் ஓர் அணியில் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் எத்தனையாம் இடம் என்று பார்த்து, அந்த இடங்களை ஒப்பிட்டு அடுக்கினால், மானிப்பாய் அகராதியின் மாணாக்கராக இயந்திரம் மாறிவிடும். ஒருங்குறிக் கூட்டமைப்பினரும் மொழிவாரியான வரிசை விதிகளைத் தனியே வெளியிட்டுள்ளனர். தமிழ் விதியும் அதில் உண்டு. எனினும் அதைப் பயன்படுத்து என்று செய்நிரலுக்குச் சொல்லாவிட்டால் அது தானாக வந்து உதவாது.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு

இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. கோ என்பதை 2965, 3019 என்று இரு குறிகளால் வைக்கலாம் என்றோம். 2965, 3015, 3006 என மூன்று குறிகளாலும் வைக்கலாம்; அதாவது ககரம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால். திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றே. முன்னையதால் வட்டுக்கோட்டை 39 பைற்று, பின்னையதால் 42. ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் மறு விதமாகவும் தட்டச்சிட்டு ஒரே அணியில் வைத்துவிட்டால், அணியிலே இரண்டு வட்டுக்கோட்டைகள் இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இதற்கு ஒருங்குறியிலேயே மருந்து உண்டு. பலவாறு எழுதப்பட்டதை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒழுங்குமுறை ஒன்றை அது வகுத்துள்ளது. சரம் அணிக்குள் நுழையும் வாயிலிலேயே அதனைச் செய்துவிடல் வேண்டும். பிறகே அளத்தல், அதன் பிறகே வைத்தல்.

ஆனால் கௌரி என்னும் பெயருக்கு அம் மருந்தும் பலியாது. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே தோன்றுவதால், ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுக் "கெளரி" என்று தட்டச்சிடுவோர் எம்மிடையே மிகப் பலர். கௌரி இரண்டெழுத்து, 12 பைற்று. கெளரி மூன்றெழுத்து, 15 பைற்று. ஒருங்குறியின் கண்ணுக்கு இவை ஒன்றே அல்ல. முறைப்படி எழுதப்பட்ட இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒழுங்குமுறை எதனையும் திருத்தாது விட்டுவிடும். தமிழிற் கெளரி என்று ஒரு பெயர் இல்லை என்பது எமக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. பட்டியலை அணியில் ஏற்றிய பின்னர், கெ என்னும் லாச்சியும் ளகரத்தில் தொடங்கும் லாச்சியும் அடுத்தடுத்து வரும் பெயர்களை எல்லாம் எடுத்துத் தருமாறு செய்நிரலிடம் கேட்கலாம். அவற்றுள் எது கெளிறு மீன், எது கௌரி என்று பிரிப்பதற்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.